முதல் கழுத்து

வினோத்,

நீ அனுப்பிய போர்டு படத்தை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே ஊர் பார்த்துவிட்டது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அஞ்சலை போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். "இன்னாக்கா, உன் காலுக்கே போர்டு வெச்சிட்டான் உன் புள்ள! இனிமே உன்னப் பாக்கணும்னா டோக்கன் போடணுமா?" என்று சிரித்தாள். வாங்கிப் பார்த்தேன். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டைப் பார்த்த கடை. ஒரு பக்கம் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு நீ. இன்னொரு பக்கம் நான், உன் சித்தி கல்யாணத்தில் எடுத்த படம். நடுவில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தை யாரோ முறுக்குகிறார்கள். கீழே எழுதியிருக்கிறாய்: கால் வழியாகப் பிறந்த தாயின் கைராசி மகன், தீராத தலைவலிக்கு ஒரே சொடுக்கில் தீர்வு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா, முதல் சிகிச்சை என் அப்பாவுக்கு, போனில் நேரலையாகப் பார்க்கலாம். என் கையிலிருந்த கரண்டி சாம்பார் குண்டானுக்குள் விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் விழுந்ததாக அஞ்சலை நினைத்துக்கொண்டாள்.

சந்தோஷம் இல்லை. இரண்டு மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். வெட்கப்பட்டு மறைத்தேன். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, ஆளுங்க இருக்காங்க" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள், எனக்கு எழுத வரும். நீ முழுசாகப் படி. நடுவில் கோபம் வந்தாலும் நிறுத்தாதே.

முதலில் என் கால். நான் கால் வழியாகப் பிறந்தவள், தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவள், அதனால் என் கால் பட்டால் சுளுக்கு விடும் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். ஏழு வயசிலேயே பெரிய வீட்டுக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டதையும், அவர் இடுப்பை நான் மிதித்து நிமிர்த்தியதையும், அவர்கள் முறம் நிறைய அரிசி கொடுத்ததையும் உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீயும் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வாய். மீதியை உனக்குச் சொன்னதில்லை. அவர்கள் என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. பின்பக்கமாக மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். ஊரே பயப்படுகிற அந்த மனுஷன் சாக்கு மேலே குப்புறப் படுத்திருந்தார். என் காலை மஞ்சள் தண்ணீரில் மூன்று தடவை கழுவச் சொன்னார்கள். "அழுத்தி மிதிடி, பயப்படாத" என்றார் அவர். மிதித்தேன். வலி விட்டது என்று எழுந்து உட்கார்ந்தார். நான் அரிசியை வாங்கிக்கொண்டு வாசல் தாண்டுவதற்குள், நான் நின்ற இடத்தில் அந்த வீட்டு அம்மா சொம்புத் தண்ணீரைத் தெளித்தாள். ஏழு வயசில் அது ஏதோ சாமி காரியம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயசில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் போனேன். ஏன் என்று கேள். மற்ற நாளில் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்கள் அந்த ஐந்து நிமிஷம் என் காலுக்குக் கீழே கிடந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் போனேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் திமிருக்கு விலை கொடுத்தது நானில்லை, உன் அப்பா.

உன் அப்பாவின் தலைவலி உனக்குத் தெரியும். பின்கழுத்தில் ஆரம்பித்து, மண்டையைச் சுற்றிக்கொண்டு ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும். அப்போது அவர் வெளிச்சத்தில் இருக்கமாட்டார், பேசமாட்டார், துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் தலையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார். வாரத்தில் நாலு நாள் அப்படி. இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் அவர் என்ன வேலை செய்தார்? கரும்பு லோடு ஏற்றினார். வெட்டின கரும்பைக் கட்டி, சும்மாடு வைத்து, தலையில் தூக்கி, லாரிக்குச் சாய்த்து வைத்த பலகை மேலே ஏறி, அங்கே போட்டுவிட்டு இறங்குவார். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு தடவை அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? பலகையில் ஏறும்போது அவர் கழுத்து தோளுக்குள்ளே புதைந்துபோய் இருந்தது. "அப்பாவுக்குக் கழுத்தே இல்லம்மா, ஆமை மாதிரி இருக்காரு" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை கொடுத்தார்கள். வரிசையில் நின்று சீட்டு வாங்கி உள்ளே போனால், அவர் உட்காருவதற்குள் எழுதி முடித்துவிடுவார்கள். "குடிப்பியா?" என்று கேட்டார்கள். "வீட்ல பிரச்சனையா?" என்று கேட்டார்கள். ஒருத்தர், "உங்க ஆளுங்களுக்கு வேலைக்குப் போகாம இருக்கத் தலைவலி ஒரு சாக்கு" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். தலையில் என்ன தூக்குகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் வயலிலும் சூளையிலும் லாரியிலும் தலையை வைத்தே பிழைக்கிற இத்தனை ஜனத்தைத் தினம் பார்க்கிறவர்கள், அந்தத் தலை எதைத் தாங்குகிறது என்று கேட்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெடிக்கல் கடையிலேயே வாங்க ஆரம்பித்தோம். காலையில் ஒன்று, லோடு ஏற்றப் போகும்முன் ஒன்று, வந்ததும் ஒன்று. அது போதாதபோது என் கால்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நீ ஒன்பதாவது படித்தாய். மழை பெய்துகொண்டிருந்ததால் லோடு இல்லை. அப்பாவுக்குக் காலையிலிருந்து தலைவலி. மத்தியானம் பாயில் குப்புறப் படுக்க வைத்து, வழக்கம்போல முதுகை மிதித்துக்கொண்டே மேலே வந்தேன். தோள்பட்டையில் நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் முனகிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல், பரிதாபம், இரண்டும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை அவர் பிடரியில் வைத்து என் முழு எடையையும் இறக்கினேன். டக் என்று ஒரு சத்தம். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உன் அப்பா கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை. அப்புறம், "ஆங், வுட்டுச்சி" என்றார். நீ கை தட்டினாய். "இன்னொரு தடவ மிதிம்மா, அந்த சத்தம் வர்ற மாதிரி" என்றாய். நான் மிதிக்கவில்லை. புண்ணியம். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இருபது ஆள் லோடு இறக்கினது மாதிரி ஒரு சத்தம், அத்தோடு சுளுக்கு விட்டது என்று. நீ இன்றைக்குப் போனில் போடுகிற வீடியோவிலும் அந்தக் கதையைத்தான் சொல்கிறாய். அம்மா மிதித்தார், சத்தம் வந்தது, அப்பா எழுந்துவிட்டார் என்று.

அதற்கு அடுத்த மாதம் முழுக்க அவர் வலது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி நழுவி விழுந்ததை நீ வீடியோவில் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "கை மேல படுத்துத் தூங்கிட்டேன், மரத்துப் போச்சி" என்றார். இரண்டு கிளாஸ் உடைந்த பிறகு நான் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்கவில்லை. தலைவலி நின்றுவிட்டதா? பத்து நாள் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசமாக வந்தது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, "அப்பாவ டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்மா" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "என் காலவிடப் பெரிய ஆஸ்பத்திரியாடா?" என்றேன். உன் வாயை நான்தான் அடைத்தேன். நீ அதை நம்பிவிட்டாய். நம்பாதே என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி இரண்டு மாதத்துக் கதை. ஜிம்மில் வேலையை விட்டுவிட்டு கழுத்தும் முதுகும் நெட்டி முறிக்கிற அந்தப் பயிற்சிக்கு நீ போனாய். நாலு வாரம். முடித்ததும் ஒரு வீடியோ அனுப்பினாய், உன் கூட்டாளி கழுத்தை இரண்டு கையால் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, வெடுக்கென்று திருப்புகிறாய். டக். அதே சத்தம். அவன் எழுந்து சிரிக்கிறான். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. கீழே எழுதியிருந்தாய், "அடுத்து அப்பாதான்." உன் கை படுவதற்கு முன்னால் படித்த ஆள் ஒருத்தர் அவர் கழுத்தைப் பார்த்துவிடட்டும் என்று தோன்றியது. எங்கள் அங்கன்வாடி டீச்சர் தன் தலைவலிக்கு டவுனில் முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிற ஒரு கைரோபிராக்டிக் டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஐந்து வருஷம் அதையே படித்துவிட்டு வந்தவர். நீ செய்கிற அதே வேலைதான் என்று நினைத்துக்கொண்டு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வலி எந்தப் பக்கம் தொடங்கும், எங்கே போய் முடியும், தலை சுற்றுமா, பார்வை இரண்டாகத் தெரியுமா, கை மரத்துப் போகுமா, மாத்திரை தினமும் எத்தனை. அப்புறம் கேட்டார், "தலைல என்ன தூக்குவீங்க? எவ்ளோ நேரம்?" உன் அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. "கரும்புக் கட்டும்மா. காலைல ஏறுனா இருட்டற வரைக்கும்" என்றார். அந்த அம்மா கழுத்தைத் திருப்பச் சொன்னார். இடது பக்கம் தோள் வரை வந்தது. வலது பக்கம் பாதிகூட வரவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருக்கிறேன், வலது பக்கம் யாராவது கூப்பிட்டால் அவர் உடம்போடு திரும்புகிறார் என்பதை நான் கவனித்ததே இல்லை. பிறகு அந்த அம்மா இரண்டு விரலை அவர் மண்டைக்குக் கீழே, பிடரியில் வைத்து மெதுவாக அழுத்தினார். அப்பா துள்ளிவிட்டார். "கண்ணுல வலிக்குதே! நீங்க கழுத்தத்தான தொடறீங்க?" என்றார். "உங்க தலைவலி தலைல இல்லீங்க, கழுத்துல இருந்து வருது" என்றார் அவர். "ஆனா எக்ஸ்ரே பாக்காம இதுக்கு மேல நான் தொடமாட்டேன்." கவனி. முதல் நாள் அந்த அம்மா செய்த வைத்தியம் அவ்வளவுதான். தொடமாட்டேன் என்று சொன்னது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கழுத்தெலும்புக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு. ஒன்றில் அந்த வால் முறிந்து, ஒட்டாமல், தனியாக நின்றது. "இது பழைய முறிவு. பல வருஷம் ஆகியிருக்கும். எங்கயாவது விழுந்தீங்களா? கழுத்து மேல ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்டார். "இல்லீங்களே" என்றார் அப்பா, உடனே. ரொம்ப உடனே. "பாரம் தூக்கறவங்களுக்குத் தானாவும் இப்படி முறியும். பலமா அடிபட்டாலும் முறியும். எதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என் குதிகால் எரிந்தது. நான் கதை கட்டவில்லை வினோத், நிஜமாக எரிந்தது, நெருப்பை மிதித்த மாதிரி. அந்தச் சத்தம் சுளுக்கு விட்ட சத்தம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் காலை சீட்டுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னல் ஓரம். தவளக்குப்பம் தாண்டியதும் கேட்டேன். "அன்னிக்கு மழையில நான் மிதிச்சனே, அப்பத்தான?" அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாமே இப்ப அதப் போயி கேட்டுக்கினு" என்றார். "சொல்லுய்யா." "தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும். நெருப்பு வெச்ச மாதிரி இருந்திச்சி." நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்ப ஏன்யா வுட்டுச்சின்னு சொன்ன? பன்னெண்டு வருஷமா ஏன்யா சொல்லல?" அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சொன்னா உன் கால எவன் மதிப்பான்? அந்தப் பெரிய வூட்டுக்காரனுங்க உன்னப் பேர் சொல்லிக் கூப்புடறது அது ஒண்ணுக்குத்தான். நம்ம கிட்ட வேற இன்னா கீது மருவாதின்னு? புள்ள வேற கை தட்டினு நிக்கிறான். போவுது போ, ஒரு எலும்புதான்."

ஒரு எலும்பு. கண்டக்டர் வந்து பாகூர் யார் என்று கேட்டது எனக்குக் காதில் விழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. ஒரு மனுஷன் எலும்பு முறிந்து கிடந்தபடி, பெண்டாட்டி முகம் வாடக் கூடாது என்று, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். நான் அதை நம்பி இன்னும் எத்தனை பேரை மிதித்தேன்? குருவிநத்தத்திலிருந்து வந்தார்கள், மடுகரையிலிருந்து வந்தார்கள். எல்லாரும் "வுட்டுச்சிம்மா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். எத்தனை பேர் நிஜமாகச் சொன்னார்கள்? எத்தனை பேர் உன் அப்பா மாதிரி?

உனக்கு ஒன்று தெரிய வேண்டும், அந்த டாக்டரம்மாவால் அவருக்குக் குணம் தெரிகிறது. அதையும் மறைக்கமாட்டேன். அந்த அம்மா முதலில் பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்து, அங்கே பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் கை வைத்தார். தினமும் மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று சொல்லி, அங்கிருந்த டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வைத்தார். முதல் இரண்டு வாரம் அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறு தடவை போயிருக்கிறோம். ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை, ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை. விரலால் அழுத்தினார், தோளையும் மேல்முதுகையும் இளக்கினார், துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு வைக்கவும் தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். தலையில் பாரம் வைக்கக் கூடாது என்றார். அது ஒன்றைத்தான் எங்களால் முழுசாகச் செய்ய முடியவில்லை. தோளில் தூக்குகிறார். மேஸ்திரி, "தலையில தூக்காதவனுக்கு இன்னாத்துக்கு முழுக் கூலி?" என்று கேட்டான். அந்த மேஸ்திரிக்கு வைத்தியம் செய்ய எந்த டாக்டரும் இல்லை. ஆனால் தலைவலி இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை. போன வாரம் வாசலில் நின்று, வலது பக்கம் போன காக்காவைத் தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசித் தடவை போனபோது உன்னைப் பற்றிச் சொன்னேன். என் மகனும் இதே வேலைதான் ஆரம்பிக்கப் போகிறான் என்றேன். நாலு வாரம் படித்தான் என்றதும் அந்த அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சத்தம் வந்தா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டேன். "விரல்ல நெட்டி முறிச்சா வருதே, அதேதான். சத்தத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். "சில கழுத்த நானும் திருப்புவேன். எதத் திருப்பக் கூடாதுன்னு படிக்கத்தான் எனக்கு அத்தனை வருஷம் ஆச்சு. மூளைக்குப் போற ரத்தக் குழாய் கழுத்தெலும்பு வழியாத்தான் போகுது. அது கிழிஞ்சா, திருப்புன ஆளால திரும்ப ஒட்ட வைக்க முடியாது." நான் உன் வீடியோவைக் காட்டினேன். பாதியில் போதும் என்றார். "அப்பா கழுத்த உங்க பையன் தொடக் கூடாது. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே" என்றார்.

உனக்குக் கோபம் வரும். எல்லாரும்தான் செய்கிறார்கள் என்பாய். முடிவெட்டுகிற கடையில்கூடக் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கிறார்கள், யார் செத்தார்கள் என்பாய். நான் படித்த பிள்ளை, எனக்கு என்ன வேலை கொடுத்தார்கள், ஜிம்மில் நாலு வருஷம் எடைத்தட்டு துடைத்தேன் என்பாய். அது எல்லாமே நியாயம். அந்தப் பயிற்சி நடத்தினவன் மேலே எனக்கு உன்னைவிடக் கோபம். வேலையில்லாத பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நாலு வாரத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, போ, போய் உன் ஜனங்கள் கழுத்தில் பழகிக்கொள் என்று அனுப்புகிறான். உன் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கிறாய்? பணக்காரன் ஸ்கேன் எடுத்துவிட்டு டவுனுக்குப் போவான். உன்னிடம் வரப்போகிறவர்கள் கரும்பு தூக்கினவர்கள், கல் தூக்கினவர்கள், ஒரு நாள் கூலி போய்விடும் என்று ஆஸ்பத்திரி வரிசைக்குப் பயந்தவர்கள். அஞ்சலை இப்போதே பேர் கொடுத்துவிட்டாள். "எனக்குந்தான்க்கா தலைவலி. குனிஞ்சா தலை சுத்துது, கண்ணு ரெண்டா தெரியுது. உன் வூட்டுக்காரருக்கு அப்புறம் ரெண்டாவது நான்தான், வினோத்துகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். டாக்டரம்மா கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு, யாரும் கேட்காமலேயே அவள் பதில் சொல்லிவிட்டாள். நீ அவளிடம் ஏதாவது கேட்டாயா? தலை சுற்றுகிறவள் கழுத்தைத் தொடக் கூடாது என்று உன் நாலு வாரத்தில் சொல்லிக் கொடுத்தார்களா? பெரியாஸ்பத்திரிக்கு வாடி, நான் கூட வருகிறேன் என்று கூப்பிட்டேன். "இன்னாக்கா, சொந்தப் புள்ள பொழப்ப நீயே கெடுக்கறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனிமேல் நான் யாரையும் மிதிக்கமாட்டேன். முந்தாநாள் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது, ஏழு வயசில் நான் மிதித்தேனே, செத்துப்போன அந்தப் பெரியவரின் மகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். "என் காலுல ஒண்ணும் இல்லன்னு போய் சொல்லு" என்று அனுப்பினேன். நம்பவில்லை, கூலி ஏற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான். இந்தக் கடிதத்தையும் உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. டீச்சர் இதை போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். நீ படிக்கும்போது ஊரும் படித்துக்கொண்டிருக்கும். எனக்கு மிஞ்சப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். நான் மிதித்தவர்கள் என்னைத் திட்டட்டும். யாருக்காவது கழுத்தில் வலி இருந்தால் வெளியே சொல்லட்டும், அதற்காகத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஆனால் ஒருத்தரை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. உன் அப்பாவிடம் வெள்ளிக்கிழமை போகக் கூடாது என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், எக்ஸ்ரேயை எடுத்து முன்னால் வைத்தேன். "புள்ள மொத மொத ஆரம்பிக்கிறான். அப்பன் கழுத்து குடுக்கலன்னா வேற எவன் குடுப்பான்? அவன் மெதுவாத்தான் செய்வான் போமே" என்கிறார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்துவிட்டார். நான் அழுதால் முகத்தைத் துடைத்துவிடுகிறார், சட்டையை மட்டும் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். அவருக்குப் பிரியமானவர்கள் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு வலிக்கவில்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். எனக்கு அப்படித்தான் கொடுத்தார். உனக்கும் கொடுப்பார். உன் கையில் அவருக்கு என்ன ஆனாலும், போனைப் பார்த்துச் சிரிப்பார்.

அதனால் இதை நீதான் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ரோட்டுக்கு வந்து நில். உள்ளே கூட்டிக்கொண்டு போகாதே. எத்தனை பேர் வந்திருந்தாலும் சரி, அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுப்பா, நான் இன்னும் படிக்கல" என்று சொல். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் அவரோடு வீட்டுக்கு வா.

உன் அம்மா